பழைய கணினி விழித்தெழ மறுத்தால்

பழைய கணினியொன்றில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவிய பின்னர், அக்கணினி துவங்க மறுத்துக் கருந்திரையோடு நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது பொறியியலாருக்கு மட்டும் உரிய பொருளன்றோ, மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் கலைப் பட்டதாரி ஒருவன் இதைப் பற்றிப் பேசலாமோ என்று சிலர் ஐயுறக்கூடும். கணினி துவங்கும் முறையை அறிந்துகொள்ள மின்னணுவியலில் பட்டம் வேண்டுவதில்லை. திரையில் தோன்றும் ஒரு வாக்கியத்தை முழுமையாகப் படிக்கும் பொறுமையும், ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் போதும். மூலத்தை இறுதிவரை படிக்காமல் பேனாவை எடுக்கலாகாது என்பது மொழிபெயர்ப்பாளனுக்கு முதல் விதி. நின்றுபோன கணினியைத் தொடுவோர்க்கும் அதுவே முதல் விதி என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்பொருளை இப்போது எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதன் வழித்தோன்றலாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு ஏற்பாட்டையும், பெரும்பாலும் 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த செயலிகளையும் வேண்டி நிற்கிறது. ஆகவே, நன்றாக உழைத்துக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் பழையனவாகிவிட்டன. அலுவலகங்கள் அவற்றைக் கழித்துவிடுகின்றன. மும்பையில் அத்தகைய கணினிகள் லாமிங்டன் சாலைக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அங்கிருந்து சில, தாராவியிலும் செம்பூரிலும் படிக்கின்ற பிள்ளைகளின் கைக்குச் செல்கின்றன. வேறு சில, தாராவி 13-ஆம் காம்பவுண்டு போன்ற இடங்களில் நெகிழியையும் உலோகத்தையும் பிரித்தெடுக்கும் பட்டறைகளுக்கு எடைக்கணக்கில் போகின்றன. இவ்விரு வழிகளுள் ஒரு கணினி எவ்வழியே போகும் என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்வது அதன் உடல்நிலை அன்று. புதிய இயங்குதளத்தை நிறுவிய அன்று அது விழித்ததா, விழிக்கவில்லையா என்பதே அதை முடிவு செய்கிறது. விழிக்காத கணினியை மாண்டதென்று கருதிக் கழித்துவிடுகிறோம். ஆனால் அவற்றுள் பல மாண்டவை அல்ல. வழி தவறி நிற்பவை.

லினக்ஸைப் பற்றி இரண்டொரு சொற்கள். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய பணி இது. விலையின்றிப் பெறலாம், பிறர்க்கும் வழங்கலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தவும் செய்யலாம். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம், சென்னையிலிருந்து 2007-இல் ‘பாஸ்’ என்ற பெயருடைய லினக்ஸ் தொகுப்பை வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பணி செய்வதற்கு அதில் வசதி செய்யப்பட்டிருந்தது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாகவும் அது மாணவர் இல்லங்களுக்குச் சென்றது. பழைய கணினிக்கு லினக்ஸ் ஏற்றதாக இருப்பதற்குக் காரணம், அதன் தொகுப்புகளுள் குறைந்த நினைவகத்திலும் இயங்கக்கூடிய எளிய வகைகள் பல இருப்பதேயாகும்.

இனி, கணினி எவ்வாறு துவங்குகிறது என்பதைப் பார்ப்போம். இதை விளக்க மும்பை வாசிகளாகிய நமக்கு வெளியிலிருந்து உவமை தேட வேண்டியதில்லை. மாட்டுங்காவில் ஓர் இல்லத்தில் காலையில் நிரப்பப்படும் சாப்பாட்டு டப்பா, நண்பகலில் கோட்டைப் பகுதியிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு வந்து சேர்கிறது. ஒரே மனிதர் அதை முழுத் தொலைவும் சுமந்து வருவதில்லை. ஒருவர் வீட்டு வாசலில் வாங்குகிறார். நிலையத்தில் அது பிரிக்கப்பட்டு வேறொருவர் கைக்கு மாறுகிறது. ரயிலில் ஒருவர் கொண்டுவருகிறார். இறங்கும் நிலையத்தில் மற்றொருவர் பெற்றுக்கொண்டு மேசைக்குச் சேர்க்கிறார். ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அடுத்த கையை மட்டுமே. எங்கே சேர வேண்டும் என்பதை மூடியின்மேல் எழுதிய எழுத்தும் எண்ணும் வண்ணமும் சொல்லுகின்றன. டப்பா வராத நாளில் வீட்டுச் சமையலைக் குறை கூறுவது முறையாகாது. எந்தக் கையில் அது நின்றுபோயிற்று என்று கேட்பதே முறை.

கணினியும் இப்படித்தான் விழிக்கிறது. பொத்தானை அழுத்தியவுடன், தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள் முதலில் எழுகிறது. அது வன்தட்டிலுள்ள துவக்கி என்னும் சிறு நிரலைத் தேடி எழுப்புகிறது. துவக்கி, லினக்ஸின் கருநிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கருநிரல், வன்தட்டில் தனக்குரிய பகுதியைக் கண்டறிந்து திறந்து, பணிகளைத் தொடங்கும் முதற்பணியாளனை அழைக்கிறது. அப்பணியாளன் மற்றவற்றைத் தொடங்கிவைத்து, இறுதியில் நாம் காணும் வண்ணத் திரையை விரிக்கிறான். ஆக, ஐந்து கைகள். தன்னுடைய காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்ற ஆங்கில வழக்கிலிருந்தே ‘பூட்’ என்ற சொல் பிறந்தது. உண்மையில் கணினி தன்னைத் தானே தூக்கிக்கொள்ளவில்லை. ஒரு சிறியது தன்னினும் சற்றுப் பெரியதை எழுப்ப, அது இன்னும் பெரியதை எழுப்புகிறது. எனவே நின்ற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், பாதி வேலை முடிந்ததெனக் கொள்ளலாம்.

முதற்கையிலிருந்து தொடங்குவோம். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழல்கிறது. ஆனால் உற்பத்தியாளர் சின்னமோ எழுத்தோ ஒன்றும் திரையில் தோன்றவில்லை. ஒருவேளை பீப் என்ற ஒலி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. இந்நிலையில் லினக்ஸின்மீது பழி சுமத்துவதற்கே இடமில்லை. லினக்ஸின் முறை இன்னும் வரவேயில்லை. மின்னிணைப்பை நீக்கிவிட்டு, நினைவகமாகிய ரேம் தகட்டைக் கழற்றி, தூசியைத் துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். கடற்காற்றும் மழைக்கால ஈரமும் மிகுந்த நம் நகரில் இணைப்புமுனைகளில் களிம்பேறுவது புதுமையன்று.

முதற்கையைச் சார்ந்த மற்றொரு பொருள், தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலம். சி.ஆர். 2032 என்ற குறியுடைய இது மூன்று வோல்ட்டு ஆற்றலுடையது. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைப்பதும், பழைய கணினிகளில் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் இதன் பணி. ஆண்டுகள் பல கழிந்ததும் இது சோர்ந்துவிடும். அப்போது நாள் பல ஆண்டுகளுக்குப் பின்னே போய்விடும். எந்த வட்டிலிருந்து முதலில் துவங்குவது என்ற வரிசையும் மாறிவிடும். நேற்று ஒழுங்காகத் துவங்கிய கணினி, மின்தடைக்குப் பின் இன்று ‘துவங்கத்தக்க வட்டு இல்லை’ என்று சொன்னால், நிரல்களைத் தொடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். நாள் தவறாயிருந்தால், புதிய மின்கலத்தைப் பொருத்தி அமைப்புகளைச் சரிசெய்வதே போதிய மருந்தாகலாம்.

இரண்டாவதாக, நிலைபொருள் துவக்கியைத் தேடும் இடம். இங்கேதான் பெரும்பாலோர் இடறுகின்றனர். பழைய கணினிகளில் நிலைபொருளுக்கு இரண்டு வாயில்கள் இருக்கக்கூடும். ஒன்று பயாஸ், 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினியோடு வழக்குக்கு வந்தது. அது வட்டின் முதற்பிரிவில் உள்ள 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அவற்றுள் 446 பைட்டுகள் துவக்கியின் முதற்கட்டளைகளுக்கும், 64 பைட்டுகள் வட்டின் பகுதிகளைக் குறிக்கும் அட்டவணைக்கும், எஞ்சிய இரண்டும் முத்திரைக்கும் உரியவை. மற்றொரு வாயில் யூ.ஈ.எஃப்.ஐ.; இதனை வளர்க்கும் பேரவை 2005-இல் அமைந்தது. இது முதற்பிரிவைப் படிப்பதோடு நிற்பதில்லை. வட்டில் தனியே ஒதுக்கிய ஒரு சிறு பகுதியைத் திறந்து, அங்குள்ள கோப்பாகத் துவக்கியைத் தேடுகிறது.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பல கணினிகளில் இரு வாயில்களும் உண்டு. நிறுவுவதற்காகப் பென் டிரைவைச் செருகித் துவக்கப் பட்டியலைத் திறந்தால், அதே பென் டிரைவ் இரண்டு முறை தோன்றுவதைக் காணலாம். ஒன்றின் முன்னே மட்டும் யூ.ஈ.எஃப்.ஐ. என்ற அடைமொழி இருக்கும். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அவ்வாயிலுக்கு ஏற்பவே லினக்ஸ் நிறுவப்படும். பின்னர்க் கணினி மற்றொரு வாயிலைப் பார்த்து நின்றால், வீட்டில் ஆளிருந்தும் கதவு திறவாது. இதற்கு மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. துவக்கத்தில் எஃப்2, எஃப்12, எஸ்கேப், டிலீட் ஆகிய விசைகளுள் அந்தக் கணினிக்குரியதை அழுத்தி அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, வாயிலை மாற்றிப் பார்த்தால் போதும். சில பழைய கணினிகளின் நிலைபொருள், விண்டோஸுக்குரிய பெயரையோ, பொதுவாக வகுக்கப்பட்ட மாற்று இடத்தையோ தவிர வேறொன்றையும் அறியாததாக இருக்கும். அதனாலேயே டெபியன் தொகுப்பை நிறுவும்போது, நீக்கத்தக்க வட்டுகளுக்குரிய இடத்திலும் துவக்கியின் படியொன்றை வைக்கலாமா என்ற வினா எழக்கூடும். இப்படிப்பட்ட கணினியில் அவ்வினாவுக்கு ஆம் என்று விடையளிப்பதே நலம்.

இவ்விடத்தில் ‘செக்யூர் பூட்’ என்னும் காவலையும் கூற வேண்டும். 2012-இல் விண்டோஸ் 8 வந்த காலத்தில் இது பரவலாயிற்று. நம்பகமான கையொப்பம் இல்லாத துவக்கியை உள்ளே விடாதிருப்பது இதன் வேலை. நல்ல காவல்தான், ஆனால் காவலன் சில வேளை வீட்டாரையே தடுத்துவிடுவதும் உண்டு. 2024 ஆகஸ்டு மாதத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, பழைய துவக்கிகளை மறுக்குமாறு நிலைபொருளுக்கு ஆணையிட்டது. அதனால் விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருந்தோர் பலர் மறுநாள் லினக்ஸைத் துவக்க இயலாமல், ஏதோ பெருந்தவறு நேர்ந்துவிட்டது என்ற பொருளுடைய வாக்கியத்தைக் கண்டு திகைத்தனர். வட்டும் கோப்புகளும் பழுதின்றியே இருந்தன. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் சென்று அவ்வாணையை நீக்கிய பின் மீண்டும் காவலை இயக்கியோர் மீண்டனர். 2025 மே மாதப் புதுப்பிப்பில் அந்நிறுவனமே இக்குறையைத் தீர்த்தது. பயனாளர் யாதொரு பிழையும் செய்யாதபோதும் கணினி நிற்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, துவக்கி. லினக்ஸில் பெருவழக்காக உள்ள துவக்கிக்குக் ‘கிரப்’ என்று பெயர். எரிக் போலின் என்பவர் 1995-இல் இதைத் தொடங்கினார். கருந்திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற இரு சொற்கள் மட்டும் தோன்றி, அருகே ஒரு குறி மின்னிக்கொண்டிருந்தால், அதன் பொருளை இப்படி மொழிபெயர்க்கலாம்: ‘என்னுடைய முற்பகுதி விழித்துவிட்டது, பிற்பகுதி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.’ வட்டின் பகுதிகளை நீக்கியோ இடம் மாற்றியோ இருந்தால் இந்நிலை ஏற்படும். இது முகவரிக் குழப்பம். பொருள் காணாமற்போயிற்று என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது.

இதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். செம்பூரில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு காலத்தில் தாராவியில் தோல் பதனிடும் தொழில் செய்த திருநெல்வேலிக் குடும்பங்களிடையே வழங்கிய சொற்களைப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொகுத்துவந்தார். தோலை ஊறவைக்கும் தொட்டிக்கு ஒரு சொல், மயிர் நீக்கும் கத்திக்கு ஒரு சொல், பதம் தவறிய தோலுக்கு ஒரு சொல் என அத்தொகுப்பு விரிந்தது. அச்சொற்களைச் சொன்ன முதியோருள் பலர் இன்று இல்லை. தொகுப்பு முழுவதும் ஒரே ஒரு பழைய கணினியின் வன்தட்டில், தனிப் பகுதியொன்றில் இருந்தது. வேறு படி இல்லை. அக்கணினியில் லினக்ஸ் நிறுவப்பட்டது, நன்றாகவே துவங்கியது. ஆனால் நிறுவப் பயன்பட்ட பென் டிரைவை உருவியவுடன் துவங்க மறுத்துவிட்டது. எடுத்துச் சென்ற கடையில், வன்தட்டு போய்விட்டது, புதியது போட வேண்டும், பழையதிலுள்ளவை கிடைக்கா என்று சொல்லிவிட்டனர். ஆசிரியர் இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை என்று அவருடைய துணைவியார் கூறினார்.

அவரிடம் முன்னர்ப் படித்த தாராவி மாணவி ஒருத்தி வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “பென் டிரைவ் இருக்கும்போது துவங்கிய கணினி, அப்போது எந்த வட்டிலிருந்து ஓடியது, ஐயா?” வன்தட்டிலிருந்துதான் ஓடியது. அப்படியாயின் வன்தட்டு போய்விட்டது என்பது எவ்வாறு பொருந்தும்? துவக்கியை வன்தட்டில் பதிப்பதற்கு மாறாகப் பென் டிரைவிலேயே பதித்துவிட்டனர் என்பதே அதற்குப் பொருள். அவள் பென் டிரைவை மீண்டும் செருகினாள், கணினி எழுந்தது. முதற்காரியமாக, தொகுப்பு முழுவதையும் வேறொரு வட்டில் படியெடுத்தாள். அதன் பின்னரே ‘கிரப் இன்ஸ்டால்’ என்ற கட்டளையால் துவக்கியை வன்தட்டில் பதித்து, ‘அப்டேட் கிரப்’ என்ற கட்டளையால் பட்டியலைப் புதுப்பித்தாள். பென் டிரைவை உருவிய பிறகும் கணினி துவங்கியது. முழு வேலைக்கும் ஒரு மணி நேரம் ஆயிற்று. அதில் பெரும்பகுதி படியெடுப்பதற்கே கழிந்தது. அவள் செய்தவற்றுள் நான் பெரிதும் மதிப்பது அவ்விரு கட்டளைகளையன்று. அவற்றுக்கு முன் அவள் கேட்ட கேள்வியையும், முதலில் எடுத்த படியையுமே.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். துவக்கி அத்தகைய அச்சாணி. அது கழன்றால் தேரையே விறகுக்கு வெட்டலாகாது. கணினி ஒரு வழியாகவும் எழவில்லையெனில், லினக்ஸ் நிறுவப் பயன்பட்ட பென் டிரைவிலிருந்து, நிறுவாமல் பயன்படுத்திப் பார்க்கும் முறையில் துவங்கலாம். லினக்ஸ் மின்ட் தொகுப்பில் ‘பூட் ரிப்பேர்’ என்னும் துவக்கம் பழுதுபார்க்கும் கருவி உடன் வருகிறது. டெபியன் நிறுவுநிரலின் மேம்பட்ட விருப்பங்களில் மீட்பு முறை ஒன்று உண்டு. அதில் துவக்கியை மீண்டும் பதிப்பதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. இரண்டு எச்சரிக்கைகளை மறக்கலாகாது. முன்னர் எவ்வாயில் வழியே நிறுவினோமோ, அவ்வாயில் வழியேதான் பென் டிரைவையும் துவக்க வேண்டும். பயாஸ் வாயிலில், துவக்கியை முழு வட்டின்மேல் பதிக்க வேண்டும். வட்டின் ஒரு பகுதியின்மேல் அன்று.

நான்காவது கை, கருநிரல். கிரப் பட்டியல் தோன்றி, லினக்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகு கணினி நின்றால், பழி இக்கட்டத்தைச் சார்ந்தது. இங்கே மூன்று வகை உண்டு. முதல் வகை: இக்கருநிரலுக்கு 64 பிட் செயலி வேண்டும், இங்கே இருப்பது 32 பிட் செயலி என்ற பொருளுடைய வாக்கியம் தோன்றும். 64 பிட் வகைச் செயலிகள் தனியாள் கணினிகளுக்கு 2003-ஆம் ஆண்டிலிருந்தே வரத் தொடங்கின. எனினும் 2008-இல் விற்ற சில சிறு மடிக்கணினிகளில்கூட 32 பிட் செயலிகளே இருந்தன. உபுண்டு 2017-இல் வந்த 17.10 பதிப்போடு 32 பிட் மேசைக்கணினி வட்டுகளை நிறுத்திவிட்டது. டெபியனில் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு வரை 32 பிட் நிறுவுநிரல் உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் இல்லை. எனவே கணினியின் வயதுக்கேற்ற தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது நம் கடமை. இதில் பழுது ஏதுமில்லை. பொருத்தமின்மை மட்டுமே உள்ளது.

இரண்டாம் வகை: கருநிரல் எழுந்து ஓடுகிறது, ஆனால் திரை கறுத்துவிடுகிறது. பழைய காட்சி அட்டைகளோடு இது மிகுதியாக நேர்வது. கிரப் பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தினால் கட்டளை வரிகள் விரியும். ‘லினக்ஸ்’ என்ற சொல்லோடு தொடங்கும் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்த்து, எஃப்10 விசையை அழுத்த வேண்டும். காட்சிக் கருவியின் சிறப்பு முறைகளை நாடாமல் எளிய முறையிலேயே திரையைக் காட்டு என்பது அதன் பொருள். இது அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும். எனவே அஞ்சாமல் செய்து பார்க்கலாம். பயன் கண்டால், பின்னர் அதை நிலையான அமைப்பில் எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாம் வகை: ‘கெர்னல் பேனிக்’ என்ற சொற்களோடு, வேர்ப் பகுதியைத் திறக்க இயலவில்லை என்ற வாக்கியம் தோன்றும். கருநிரலுக்கு வழித்துணையாக வர வேண்டிய தொடக்கக் கோப்பு அரைகுறையாக எழுதப்பட்டிருந்தால் இப்படி நேரும். துவக்கக் கோப்புகளுக்குரிய இடம் நிரம்பிவிட்டதாலோ, புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றதாலோ அது அரைகுறையாகியிருக்கும். லினக்ஸ் பொதுவாகப் பழைய கருநிரலை உடனே நீக்கிவிடுவதில்லை. கிரப் பட்டியலில் மேம்பட்ட விருப்பங்கள் என்ற வரியைத் திறந்தால், முந்தைய கருநிரல் காத்திருக்கும். அதன் வழியே உள்ளே சென்று, இடத்தை ஒழித்து, புதியதைச் செம்மை செய்யலாம்.

ஐந்தாவதும் இறுதியுமான கட்டம், பணிகள் தொடங்குவது. கணினி ஏறத்தாழ முழுவதும் எழுந்து, ஏதோ ஒன்றுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து, பின்னர் அவசர நிலை என்று அறிவித்து நிற்கிறதா? டப்பா மூடியிலுள்ள குறியை இங்கே நினைவுகூருங்கள். வட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் நீண்ட அடையாள எண் ஒன்று உண்டு. துவங்கும்போது எந்தெந்தப் பகுதிகளைத் திறக்க வேண்டும் என்ற பட்டியலில் அவ்வெண்கள் எழுதப்பட்டிருக்கும். ஒரு பகுதியைப் புதிதாக வடிவமைத்தால் அதன் எண் மாறிவிடும்; பட்டியலில் பழைய எண்ணே நிற்கும். இல்லாத முகவரிக்குக் கணினி காத்துக்கொண்டிருக்கும். பட்டியலில் அவ்வெண்ணைத் திருத்துவது மருந்து. முதன்மையல்லாத வட்டாயின், கிடைக்காவிட்டாலும் மேலே செல்க என்ற குறிப்பைச் சேர்ப்பதும் உண்டு. விண்டோஸ் உள்ள கணினியில், விரைவுத் துவக்கம் என்ற வசதியால் விண்டோஸ் முழுமையாக அணையாமல் பாதித் துயிலில் இருப்பதும், அதன் பகுதியை லினக்ஸ் திறக்க இயலாமைக்குக் காரணமாகலாம். அவ்வசதியை விண்டோஸிலேயே நிறுத்திவிட வேண்டும்.

நேயர்களே, ஐந்து கட்டங்களையும் கூறிவிட்டேன். இவற்றை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று வழக்கங்களை மட்டும் கைக்கொண்டால் போதும். கணினி நின்றவுடன், திரையிலுள்ள வாக்கியத்தைக் கைப்பேசியால் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்பவரிடம் ‘ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், அவ்வாக்கியத்தைக் காட்டுங்கள். அடுத்து, எதையும் திருத்துவதற்கு முன் கோப்புகளுக்குப் படியெடுங்கள். பென் டிரைவிலிருந்து துவங்கும் லினக்ஸ் இதற்கே பெரிதும் உதவும். மேலும், ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கு மாற்றங்களை ஒருங்கே செய்தவனுக்கு, சரியானால் எதனால் சரியாயிற்று என்றும் தெரியாது. கெட்டால் எதனால் கெட்டது என்றும் தெரியாது. எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுவது இறுதி வழியாக இருக்கட்டும். பல இடங்களில் அதுவே முதல் வழியாக இருப்பது வருந்தத்தக்கது.

உண்மையாகவே மாண்டுபோகும் கணினிகளும் உண்டு. வன்தட்டு டக் டக் என்று ஒலித்து, படிக்கும்போதெல்லாம் பிழை காட்டினால், அதனோடு போராடாமல் படியெடுத்துக்கொண்டு மாற்றிவிட வேண்டும். தாய்ப்பலகையில் மின்தேக்கிகள் உப்பிக் கசிந்திருந்தால், அதன் காலம் முடிந்ததென்றே கொள்ளலாம். அப்போதும் அதைத் தெருவோரத்தில் எறியலாகாது. மின்னணுக் கழிவு பற்றிய விதிகள் 2011-இல் வகுக்கப்பட்டு, 2022-இல் திருத்தி எழுதப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. தாய்ப்பலகைகளை எரித்தும் அமிலத்தில் இட்டும் செம்பும் பொன்னும் எடுக்கும் சிறு பட்டறைகளில், அப்புகையைச் சுவாசிப்பவர்கள் நம் ஊரைச் சேர்ந்த மனிதர்களே என்பதை மறந்துவிடக் கூடாது. உழைக்கக்கூடிய ஒரு கணினியைப் பட்டறைக்குப் போகாமல் தடுப்பது, ஒரு மாணவருக்குக் கருவியைத் தருவதோடு, ஒரு தொழிலாளியின் மூச்சையும் சிறிது காப்பதாகும்.

இதைக் கற்க விரும்புவோர்க்கு நம் நகரத்திலேயே வாய்ப்பு உண்டு. பொவாயிலுள்ள ஐ.ஐ.டி. தொடங்கிய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில் லினக்ஸைப் பற்றிய பாடங்கள் ஒலி-ஒளி வடிவில் கிடைக்கின்றன. தமிழிலும் பாடங்கள் உள்ளன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள நம் சங்கங்களும் படிப்பகங்களும், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையை இதற்கென ஒதுக்கலாம். பழுதான கணினியோடு ஒருவரும், பழுதறிந்த இளைஞர் ஒருவரும் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும், பெருஞ்செலவு இல்லை. அம்மேசையின்மேல் வைப்பதற்கு ஒரு பென் டிரைவும், ஒரு காசு மின்கலமும், படியெடுக்க ஒரு வெற்று வட்டும் இருக்கட்டும். எஞ்சியதைப் பொறுமை பார்த்துக்கொள்ளும்.